மணமகள் பக்கத்துப் பெயர்

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏலக்காய் ஊரில் நின்றுகொண்டு பழைய தேவாலயங்களின் திருமணப் பதிவேடுகளைப் பற்றிப் பேசப்போகிறேன். அதிலும் ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள். போடிக்கும் டச்சுக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் நினைத்திருப்பீர்கள். நியாயமான கேள்விதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்று போடிமெட்டுக்கு மேலே விளையும் ஏலக்காய் நம்மூர் ஏல மையத்துக்கு இறங்கி வருகிறது. ஒரு காலத்தில் இந்த மலைச் சரக்கில் ஒரு பங்கு மேற்கே இறங்கிக் கொச்சியில் கப்பல் ஏறியது. 1663 முதல் 1795 வரை கொச்சிக் கோட்டை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. அவர்களுக்கு மிளகுதான் முதல் சரக்கு. ஏலக்காயும் கொள்முதல் பட்டியலில் உண்டு. 1670 முதல் 1677 வரை அங்கே தலைவராக இருந்த ஹெந்ரிக் வான் ரீடே, உள்ளூர் வைத்தியர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு மலபாரின் செடிகொடிகளைப் பன்னிரண்டு தொகுதிகளில் வரைந்தும் எழுதியும் வைத்தார். நம் ஏலச்செடியும் அந்த ஹோர்ட்டூஸ் மலபாரிக்குஸ் நூலில் இருக்கிறது.

கிழக்குப் பக்கம் பார்த்தால், போடி மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட எழுபத்திரண்டு பாளையங்களில் ஒன்று. மதுரை நாயக்கருக்குக் கடல் வாசல் தூத்துக்குடி. அந்தத் தூத்துக்குடியை ஒல்லாந்தர் 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அங்கிருந்து மதுரை அவைக்கு 1668, 1677, 1689 ஆகிய ஆண்டுகளில் தூதர்களை அனுப்பினார்கள். ஆக நம் மலைக்கு மேற்கே ஒரு ஒல்லாந்த வாசல், கிழக்கே ஒன்று. இரண்டு வாசலிலும் தேவாலயம் இருந்தது. தேவாலயம் இருந்த இடத்தில் ஞானஸ்நானமும் கல்யாணமும் அடக்கமும் நடந்தன. நடந்ததை எழுதி வைத்தார்கள்.

எத்தனை ஆண்கள் அந்தக் கப்பல்களில் வந்தார்கள் தெரியுமா? 1602-இல் தொடங்கி 1799-இல் கலைக்கப்படும் வரை அந்தக் கம்பெனியின் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்களில் பலர் கடலிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். மீதிப் பேர் இங்கேயே பெண் எடுத்துக் குடும்பமானார்கள். ஐரோப்பாவிலிருந்து பெண்களைக் கூட்டிவரும் முயற்சியைக் கம்பெனி தொடக்கத்திலேயே கைவிட்டுவிட்டது. அப்படியானால் அந்தக் குடும்பங்களின் அம்மாக்கள் யார்? இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

தங்கள் குடும்பத்தில் ஒரு ஒல்லாந்தர் இருந்தார் என்று கேள்விப்பட்டவர்கள் வழக்கமாக அந்த ஒற்றை ஆணைத்தான் தேடுகிறார்கள். கொச்சியிலிருந்து கிளம்பிய சட்டைக்காரக் குடும்பங்கள், அதாவது ஐரோப்பிய வழிவந்த கலப்புக் குடும்பங்கள், ரயில்வே, தபால், தந்தி, மலைத்தோட்டம் என்று வேலை இருந்த பக்கமெல்லாம் போயின. இலங்கைப் பறங்கியர் ஆஸ்திரேலியா வரை போனார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு துண்டுப் பெயரை வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். அந்தத் தேடலில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கல்யாணப் பதிவில் இரண்டு பெயர் இருக்கிறது. ஆணின் பெயரைப் பிடித்தால் ஆம்ஸ்டர்டாமுக்கோ ஏதோ ஒரு ஜெர்மானிய ஊருக்கோ போய்ச் சேரலாம். பெண்ணின் பெயரைப் பிடித்தால் தூத்துக்குடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் கொச்சிக்கும், சில வேளை மதுரைச் சீமைக்கும் வந்து சேர்வோம். அந்தப் பாதை நம்முடையது.

பதிவேடு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நமக்கு மிக அருகில் இருப்பது கொச்சிக் கோட்டையில் புனித பிரான்சிஸ் ஆலயத்தில். அங்கே டோப் புக் என்று அழைக்கப்படும் பழைய ஏடு ஒன்று இருக்கிறது. 1751 முதல் 1804 வரை நடந்த ஞானஸ்நானங்களும் திருமணங்களும் அதில் உள்ளன. 1795-இலேயே ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் தேவாலயம் ஒன்பது ஆண்டுகள் ஒல்லாந்தச் சபையாரிடமே இருந்தது. 1804-இல்தான் ஆங்கிலிக்கன் சபைக்குக் கைமாறியது. ஏடும் அந்த ஆண்டோடு நிற்கிறது. கோட்டை போன பிறகும் சம்பளம் நின்ற பிறகும் அந்தச் சிறிய சமூகம் தன் கல்யாணங்களைத் தன் மொழியிலேயே எழுதிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. 1814 ஒப்பந்தத்தில் நெதர்லாந்து அரசு கொச்சியைப் பிரிட்டனுக்கே விட்டுக்கொடுத்தது. பதிலுக்கு வாங்கிக்கொண்டது சுமத்திராவுக்கு அருகிலுள்ள பங்கா தீவு. கொச்சியில் இருந்த குடும்பங்களை யாரும் கேட்கவில்லை.

தமிழ்க் கரையில் பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையின் தலைமையிடம் பிறகு நாகப்பட்டினத்துக்கு மாறி, 1781-இல் ஆங்கிலேயர் நாகையைப் பிடிக்கும் வரை அங்கே இருந்தது. நாகையில் புனித பேதுரு ஆலயம் 1774-இல் ஒல்லாந்தர் கட்டியது. தூத்துக்குடியில் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கும் பரிசுத்த திரித்துவ ஆலயம் 1750-இல் எழுந்தது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டையும் கல்லறைகளும் எஞ்சியிருக்கின்றன. 1825-இல் இந்தக் கரை முழுவதும் ஆங்கிலேயருக்குப் போயிற்று. தூத்துக்குடியைப் பற்றி ஒன்று நினைவில் வையுங்கள். கம்பெனியின் நிர்வாகத்தில் அது கொழும்புக்குக் கீழே இருந்தது. ஆகவே தூத்துக்குடிக் குடும்பம் ஒன்றைத் தேடுகிறவர் கொழும்பு உல்வெண்டால் ஆலயத்தின் பதிவுகளையும் பார்த்தே ஆகவேண்டும். 1757-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்த ஆலயம் இன்றும் நிற்கிறது. யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706-இல் எழுந்த சிலுவைக் கோயில் இலங்கை உள்நாட்டுப் போரில் தரைமட்டமாயிற்று.

இப்போது பதிவுக்குள் போவோம். ஒரு மாதிரிப் பதிவை மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் தேதி. பிறகு ஆணின் பெயர், அவன் பிறந்த ஊர், கம்பெனியில் அவன் வேலை: சிப்பாய், மாலுமி, தச்சன், கணக்கன், இளநிலை வணிகன். மணமாகாதவன் என்றால் யோங்மன். மனைவியை இழந்தவன் என்றால் அதையும் எழுதுவார்கள். அடுத்து பெண்ணின் பெயர், அவள் ஊர், அவள் கன்னியா கைம்பெண்ணா என்ற குறிப்பு. கைம்பெண்ணானால் யாருடைய கைம்பெண் என்பதும் வரும். அந்தக் காலத்தில் கோட்டைச் சிப்பாய்கள் இளம் வயதிலேயே இறந்தார்கள். கைம்பெண்கள் சீக்கிரம் மறுமணம் செய்தார்கள். ஒரே பெண் இரண்டு மூன்று பதிவுகளில் வெவ்வேறு கணவரோடு வருவாள். ஆணைத் தேடுகிறவர் இதை ஒரு சிக்கலாகப் பார்ப்பார். பெண்ணைத் தேடுகிறவருக்கு இது ஒரு கயிறு. அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடக்கலாம்.

கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பது நம் கத்தோலிக்கக் கோயில்களில் உங்களுக்குத் தெரிந்த வழக்கம். மூன்று ஞாயிறு ஓலை வாசித்த பிறகே கல்யாணம். ஒல்லாந்தச் சபையிலும் அதே மூன்று ஞாயிறு. அதனால் சில ஏடுகளில் நிச்சயம் எழுதிய தேதி ஒன்று, கல்யாணத் தேதி இன்னொன்று என்று இரண்டு கிடைக்கும். நிச்சயம் எழுதிய பிறகு மணமகன் செத்துப்போனதும் உண்டு, கப்பலேறியதும் உண்டு. முதல் தேதியை மட்டும் பார்த்துவிட்டுக் கல்யாணம் நடந்தது என்று குடும்ப மரத்தில் எழுதிவிடக் கூடாது. இரண்டாவது தேதி வேண்டும்.

ஆணின் ஊரைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை சொல்லவேண்டும். ஒல்லாந்தக் கம்பெனியின் ஆள் என்றால் ஒல்லாந்தர் என்று பொருளில்லை. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கம்பெனியின் சிப்பாய்களில் பெரும்பாலோர் வெளிநாட்டார். ஜெர்மானிய நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம், ஸ்வீடன், டென்மார்க், சுவிட்சர்லாந்து ஆட்களும் உண்டு. எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுதினார். யோகான் என்பது யானாகும், ஷ்மிட் என்பது ஸ்மிட் ஆகும். பிறகு ஆங்கிலேயர் வந்து இன்னொரு முறை மாற்றினார்கள். யான்ஸ், பீட்டர்ஸ் என்று முடியும் பெயர்கள் பல, யானின் மகன், பீட்டரின் மகன் என்று தகப்பன் பெயரைச் சொன்னவை. நம் முன்னெழுத்தைப் போல ஒரு தலைமுறைக்கு மட்டும் உரியவை. இலங்கையில் அவை உறைந்து நிரந்தரக் குடும்பப் பெயர்களாகிவிட்டன. ஒரே பெயர் இருப்பதாலேயே இரண்டு குடும்பம் உறவு என்று எண்ணுவது இங்கே பெரிய ஆபத்து.

ஆணின் தடம் நீளமானது. கம்பெனி ஒவ்வொரு கப்பலுக்கும் சம்பளப் பேரேடு வைத்திருந்தது. யார் ஏறினான், எந்த ஊரான், என்ன கடன், எங்கே இறங்கினான், எப்போது செத்தான், மிச்சச் சம்பளம் யாருக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பேரேடுகள் நன்றாக எஞ்சியுள்ளன. ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகம் அவற்றிலுள்ள லட்சக்கணக்கான பெயர்களைக் கணினியில் தேடும்படி செய்துவிட்டது. போடியில் ஒரு கைப்பேசியை வைத்துக்கொண்டு இன்றிரவே பார்த்துவிடலாம். இப்படிப் பத்து நிமிடத்தில் ஆணுக்கு ஊரும் கப்பலும் கிடைக்கிறது. அவன் மனைவிக்கு எந்தச் சம்பளப் பேரேடும் இல்லை.

அவளுக்கு என்ன இருக்கிறது? இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

அவள் பெயர் பெரும்பாலும் மரியா, கத்தரீனா, அன்னா, தொமிங்கா. இதைப் பார்த்ததும் ஐரோப்பியப் பெண் என்றோ போர்ச்சுகீசியப் பெண் என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். தூத்துக்குடிப் பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். பெர்னாண்டோ, ரோட்ரிகோ என்ற பெயர்கள் அவர்களிடம் ஒல்லாந்தர் வருவதற்கு நூறாண்டு முன்பே வந்துவிட்டன. அந்தப் பெயருள்ள மணமகள் முத்துக்குளித்துறையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம். கொச்சியில் அவள் லத்தீன் கத்தோலிக்க மலையாளப் பெண்ணாக இருக்கலாம். போர்ச்சுகீசிய ஆணுக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் பிறந்தவளின் பேத்தியாகவும் இருக்கலாம். ஒல்லாந்தக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்படியில் பேசிய மொழி டச்சு இல்லை, கலப்புப் போர்ச்சுகீசியம். காரணம் அம்மாக்கள்தான். பிள்ளைகள் தாய்மொழியைத் தாயிடம் கற்றார்கள்.

பெண்ணின் பெயருக்குப் பின்னால் தகப்பன் பெயர் எதுவும் இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். மலபாரின் இன்னாள், வங்காளத்தின் இன்னாள், சோழமண்டலக் கரையின் இன்னாள் என்று வரும். அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர்களைப் பல இடங்களில் இப்படித்தான் எழுதினார்கள். கிறிஸ்தவ ஆண் கிறிஸ்தவப் பெண்ணைத்தான் மணக்கலாம் என்பது சபையின் சட்டம். ஆகவே அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதி, ஞானஸ்நானம் கொடுத்து, அதன் பிறகே கல்யாணம் செய்தார்கள். தேடும் முறை இதிலிருந்தே கிடைக்கிறது: திருமணப் பதிவிலிருந்து சில மாதங்கள் பின்னே போய், வயது வந்தவர்களின் ஞானஸ்நானப் பதிவுகளைப் பாருங்கள். அவளுடைய முதல் பதிவு அங்கே இருக்கக்கூடும். ஞானத்தாய், ஞானத்தந்தையாக நின்றவர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவளை வைத்திருந்த வீடு எது என்பதற்குத் துப்பு அதில் இருக்கக்கூடும்.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள்? மனம் கனக்கும் பதில். இவர்களில் பலர் தமிழ்நாட்டுப் பஞ்சங்களிலிருந்து. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர் அடிமைகளாக இலங்கைக்கும் படேவியாவுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். 1673-இல் மழை பொய்த்தது. மதுரைக்கும் மராட்டியருக்கும் தஞ்சை மீது சண்டை. 1673 முதல் 1677 வரை மதுரைக் கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள் என்று ஒல்லாந்தக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மதுரைக் கரை என்றால் அது மதுரை நாயக்கரின் நாடு. அதே நாட்டில்தான் நம் பாளையமும் இருந்தது. அந்த 1,839 பேரில் யார் எந்த ஊர் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. சிலருடைய அடுத்த தடயம் ஏதோ ஒரு துறைமுகத்தின் தேவாலய ஏட்டில் மணமகளாக, மாற்றப்பட்ட பெயரில் கிடக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இப்படி ஒரு பெண்ணை முழுமையாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அங்கேலா என்பது அவள் பெயர், வங்காளத்திலிருந்து கொண்டுவரப்பட்டவள். நன்னம்பிக்கை முனையில் 1666-இல் விடுதலை பெற்றாள். 1669 டிசம்பரில் அர்னோல்டுஸ் பாசன் என்ற குடியானவனை மணந்தாள். கணவன் இறந்த பிறகு குடும்பத்தின் நிலபுலனை அவளே நிர்வகித்தாள். இன்று வெள்ளையர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் பல அவளிடமிருந்து வந்தவை. நிறவெறி ஆட்சி நடந்த நாட்களில் கேப் டவுனின் தேவாலய ஏடுகள் அந்த ஆட்சியின் அடிப்படையையே மறுத்துக்கொண்டு அலமாரியில் இருந்தன. அங்கேலாவுக்குச் செய்ததை நம் கரையிலிருந்து போனவர்களுக்கும் நாம் செய்யவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சட்டமும் இந்தப் பெண்களை மறக்கவே சொல்லிக்கொடுத்தது. இலங்கையில் 1830களில் தலைமை நீதிபதி ரிச்சர்ட் ஆட்லி, பறங்கியர் யார் என்று விளக்கம் கொடுத்தார். ஆண்வழி முன்னோர் ஐரோப்பியராக இருந்தால் போதும். தாய் எந்த இனத்தவளாயினும், பெற்றோர் முறைப்படி மணந்திருந்தால் பிள்ளை பறங்கியர். மணமாகாமல் பிறந்திருந்தால் தாயின் இனமே பிள்ளைக்கும். பாருங்கள், ஒரு மனிதன் எந்தச் சமூகத்தான் என்பதைத் திருமணப் பதிவேட்டின் ஒரு வரி தீர்மானித்தது. வரி இருந்தால் அம்மா மறைந்துபோவாள். வரி இல்லாவிட்டால் அப்பா மறைந்துபோவார். நம் அரசியல் சட்டத்தின் 366ஆம் பிரிவு ஆங்கிலோ இந்தியரை வரையறுப்பதும் ஆண்வழியை வைத்துத்தான். அதன்படி ஒல்லாந்தர் வழிவந்தவர்களும் இங்கே ஆங்கிலோ இந்தியர்களே. 1908-இல் கொழும்பில் தொடங்கிய டச்சு பர்கர் யூனியன் தன் இதழில் நூற்றுக்கணக்கான குடும்ப வரலாறுகளைப் பதிப்பித்திருக்கிறது. அந்த உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். தேடுகிற எவருக்கும் முதல் புத்தகம் அதுதான். ஆனால் அந்த மரங்களும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆணிடம் தொடங்கி ஆண்வழியிலேயே கிளைக்கின்றன. அவன் மனைவிக்கு முன்னோர் இல்லாதது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது.

அவளுக்கு முன்னோர் உண்டு. தேடுவதற்கு வேறு ஏடுகளும் உண்டு.

ஒன்று அனாதைப் பிள்ளைகள் சபையின் ஆவணம். கணவனையோ மனைவியையோ இழந்தவர் மறுமணம் செய்ய வேண்டுமானால், முதல் மணத்துப் பிள்ளைகளின் சொத்துப் பங்கைப் பிரித்து வைத்ததாக அந்தச் சபையில் காட்டவேண்டும். ஆகவே மறுமணப் பதிவு ஒன்று கிடைத்தால், அதே காலத்தில் சொத்துக் கணக்கு ஒன்றும் எழுதப்பட்டிருக்கும். பாத்திரம் பண்டம், நகை நட்டு, கடன், வீட்டு அடிமைகளின் பெயர் வரை அதில் வரும். இரண்டாவது, சபை உறுப்பினர் பட்டியல். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போகிறவர் அந்த ஊர்ச் சபையின் அத்தாட்சிக் கடிதத்தோடு போவார். நாகப்பட்டினத்திலிருந்து வந்தவள், கொழும்பிலிருந்து வந்தவள் என்று புதிய சபை குறித்துக்கொள்ளும். கம்பெனி ஊழியர்கள் அடிக்கடி மாற்றலாகிக்கொண்டே இருந்ததால் ஒரு குடும்பத்தின் ஞானஸ்நானம் ஓர் ஊரிலும் கல்யாணம் இன்னோர் ஊரிலும் கிடக்கும். இந்தக் கடிதக் குறிப்புதான் இரண்டையும் இணைக்கும்.

இந்த ஆவணங்களைத் தேடி ஐரோப்பாவுக்கு ஓடவேண்டியதில்லை. கொச்சிக் கோட்டையின் ஒல்லாந்த ஆவணங்கள் நம் சென்னை எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆங்கிலேயர் எடுத்துவந்து வைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசு அவற்றில் ஒரு பகுதியை அச்சிட்டது. கல்லெட்டி தொகுத்த மலபாரில் ஒல்லாந்தர் என்ற தொகுதி 1911-இல் வந்தது. 2003-இல் யுனெஸ்கோ இந்தக் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுனோடு சென்னையும் அதில் இடம்பெற்றது. அந்தக் கொச்சிக் கட்டுகளில் 18ஆம் நூற்றாண்டின் அடிமை விற்பனைப் பத்திரங்களும் உண்டு; விற்கப்பட்டவரின் பெயர், வயது, பல இடங்களில் சாதி வரை எழுதியிருக்கிறார்கள். தேவாலய ஏட்டில் ஊர்ப் பெயரோடு மட்டும் நிற்கும் ஒரு பெண்ணுக்கு முந்தைய வாழ்க்கை இருந்தது என்பதற்கு அந்தப் பத்திரங்கள்தான் சாட்சி. நெதர்லாந்தில் குளோபலைஸ் என்ற திட்டத்தில் இந்தக் கம்பெனியின் ஏறத்தாழ ஐம்பது லட்சம் கையெழுத்துப் பக்கங்களை இயந்திரம் படிக்கும்படி செய்கிறார்கள். எழும்பூரில் உள்ள கட்டுகளுக்கும் அப்படி ஒரு காலம் வரவேண்டும். அதற்குப் பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் வேண்டும். போடியிலும் தேனியிலும் வரலாறு படிக்கும் மாணவர்களிடம் நேராகவே கேட்கிறேன்: உங்களில் இரண்டு பேர் அந்த மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தெரிந்தவருக்கு அது எட்டாத மொழி இல்லை. ஏடுகளில் வரும் வாய்பாடுகள் திரும்பத் திரும்ப வருபவை.

தேவாலய ஏட்டில் அகப்படாத குடும்பங்களும் உண்டு. ஒல்லாந்தக் கம்பெனியின் படையில் வந்த டிலனாய் எல்லாருக்கும் தெரிந்தவர். அவர் பிறந்தது அராஸ் நகரில், கத்தோலிக்கர். 1741 குளச்சல் போருக்குப் பின் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்து திருவிதாங்கூர்ப் படையைத் திருத்தி அமைத்தார். ஒல்லாந்தக் கம்பெனியை விட்டுப் போன கத்தோலிக்கரின் கல்யாணத்தை ஒல்லாந்தச் சபையின் ஏட்டில் தேடிப் பயனில்லை. அவருக்குக் கல்வெட்டுதான் ஏடு. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது, 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீன் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. அருகிலேயே அவர் மனைவி மார்கரீத்தாவும், களக்காட்டுப் போரில் பட்ட காயத்தால் 1765-இல் இறந்த மகன் யோகன்னஸும் கிடக்கிறார்கள். களக்காடு நம் திருநெல்வேலிச் சீமை.

இனி மலைக்கு வருவோம். திருவிதாங்கூர் அரசு ஏலத்தைத் தன் முற்றுரிமையில் வைத்திருந்த காலத்திலேயே, 1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்று அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்ற பிறகு வெள்ளைத் தோட்டக்காரர்கள் குவிந்தார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் இறங்கி நம்மூர் வழியாகப் போனதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தோட்டங்களோடு புதிய தேவாலய ஏடுகளும் பிறந்தன. மூணாற்றில் கல்லறைத் தோட்டம் முதலில் வந்தது, தேவாலயம் பிறகு வந்தது. 1894-இல் காலராவில் இறந்த எலினார் என்ற இளம்பெண்ணை, ஒரு தோட்ட நிர்வாகியின் மனைவியை, அந்தக் குன்றில் அடக்கம் செய்தார்கள். கிறிஸ்து ஆலயம் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கழித்து எழுந்தது.

கொச்சியில் தொடங்கிய ஒல்லாந்தக் கிளை ஒன்றை இந்த மலை வரை தொடர்ந்து வருகிறவருக்கு ஒரு எல்லைக்கோடு குறுக்கே வரும். போடிமெட்டுச் சாவடிக்கு இந்தப் பக்கம் 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் செல்லும். ஆலயத்தில் நடந்த திருமணத்தின் படியை அரசுப் பதிவாளருக்கு அனுப்பியாக வேண்டும். பழைய சென்னை மாகாணத்து ஆங்கிலிக்கன் பதிவுகளின் படிகள் லண்டனுக்கும் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலகப் பதிவுகளில் என் 2 என்ற வரிசையில் இருக்கின்றன. சாவடிக்கு அந்தப் பக்கம் இந்தச் சட்டம் கிடையாது. பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளுக்கு இது இன்றுவரை பொருந்தாது. கொச்சிக்கு 1920-இல் தனிச் சட்டம் வந்தது. ஆகவே மேலே நடந்த பழைய கல்யாணம் ஒன்றுக்கு அந்தப் பங்கு ஆலயத்தின் ஏடு மட்டுமே ஆதாரமாக இருக்க நேரலாம். அது மழையில் நனைந்தால், கரையான் அரித்தால், வேறு எங்கும் போய்க் கேட்க முடியாது.

அந்த ஏடுகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் யார்? நம் ஆட்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் கங்காணியோடு மலையேறிய தொழிலாளர்கள். ஒல்லாந்தர் ஏட்டில் மணமகள் பக்கத்துப் பெயர் எப்படிச் சுருங்கிக் கிடக்கிறதோ, அதே சுருக்கம் இங்கேயும் வந்திருக்கும்: தகப்பன் பெயர் ஒற்றை எழுத்து, ஊருக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயர், தாயின் பெயர் விடுபட்டது. அந்த ஏடுகளைப் படிக்கும் முறையும் ஒன்றுதான். மணமகள், சாட்சிகள், ஞானப் பெற்றோர், ஓலை வாசித்த தேதி, இவற்றிலிருந்து தொடங்குங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் பெண் வீட்டு உறவு. கைநாட்டு வைத்தவரின் பெயரை எழுத்தர் எழுதியிருப்பார், அதையும் விடாதீர்கள்.

பங்குத் தந்தையரிடமும் போதகர்களிடமும் ஒரு விண்ணப்பம். பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்க அனுமதியுங்கள். பக்கங்களை முழுதாக விரித்துத் தண்டை முறித்துவிடாமல், நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மூடாதீர்கள். மலைக் குளிரில் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். சாதாரணப் பருத்தித் துணியில் சுற்றித் தரைக்கு மேலே வையுங்கள். நூறாண்டைத் தாண்டிய ஏட்டுக்கு ஒட்டு நாடா போடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

சிலர் வீட்டிலிருந்த பழைய கல்யாணச் சீட்டுகளையும் ஞானஸ்நானச் சான்றுகளையும் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்கள். கொச்சியிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் தாளும் அதில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். மேடைக்குப் பின்னால் மேசையும் நல்ல விளக்கும் போட்டிருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து படிப்போம். மணமகள் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.